ராம்போ கிளம்ப மாட்டேன் என்கிறார்: பழைய டிவி கேம் கோளாறுகளும் கைவைத்தியமும்

மும்பையில் முதல் மழை விழுந்த வாரத்தில் ரயில் தாமதமாவது நிச்சயம். சயான் கோலிவாடாவில் என் கதவை யாராவது தட்டுவதும் அதே அளவு நிச்சயம். ஒழுகுகிறதா என்று பார்க்கப் பரணில் ஏறியவர்கள் தொண்ணூறுகளில் வாங்கிய டிவி கேம் பெட்டியோடு இறங்கிவருவார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய கேசட்டுகள். உலகம் அதைக் கார்ட்ரிட்ஜ் என்கிறது. நமக்கு அது என்றும் கேசட்தான். மேலே ஒட்டியிருக்கும் படத்தில் தசை புடைத்த ஒரு நாயகன், கையில் அவனைவிடப் பெரிய துப்பாக்கி.

"வேலை செய்யவில்லை அண்ணா" என்பதோடு புகார் முடிந்துவிடும். என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த ஆட்டம்? சண்டைப் படங்களை வைத்துச் செய்த பழைய ஆட்டங்களில் கோளாறு போலத் தெரிகிற பல விஷயங்கள் கோளாறே அல்ல. செய்தவர்கள் அப்படித்தான் செய்துவைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் திருப்புளியை எடுத்து, நன்றாக இருந்த பெட்டியை நானே ஒருமுறை கெடுத்திருக்கிறேன்.

ஆகவே சோதிக்கும் வரிசை இது: ஆட்டம், கேசட், டிவிக்குப் போகும் கம்பி, டிவி, அடாப்டர், எல்லாம் சரியென்றால்தான் பெட்டி. கருகிய வாடை வந்தாலோ விளக்கே எரியாவிட்டாலோ மட்டும் இந்த வரிசை செல்லாது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடாப்டரிலிருந்து தொடங்குங்கள்.

விளக்கு எரியவில்லை, எந்த அசைவும் இல்லை

முதல் சந்தேகம் அடாப்டர் மேல். அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, பிளக்கின் நடுமுனை நேர்முனையா எதிர்முனையா என்ற மூன்றும் பெட்டியின் அடியில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகள், அதாவது நின்டெண்டோவின் ஜப்பானியப் பெட்டியான ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை, பெரும்பாலும் 9 வோல்ட் டிசி கேட்பவை. பல பெட்டிகளில் நடுமுனை எதிர்முனை. இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் நடுமுனை பெரும்பாலும் நேர்முனை. பிளக் கச்சிதமாகப் பொருந்தும் என்பதுதான் இதில் உள்ள சதி. மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி நான் மாட்டினேன். ஒரு நொடி கூட ஆகவில்லை.

சேகா கம்பனியின் மெகா டிரைவ் பெட்டியில் இன்னொரு குழப்பம் உண்டு. முதல் மாடலுக்கு நடுமுனை எதிர். இரண்டாம் மாடலுக்கு நடுமுனை நேர். பெயர் ஒன்று, குணம் இரண்டு.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க நின்டெண்டோ பெட்டியின் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது; நம் சுவரில் வருவது 230. மேலும் அது வெளியே தருவது 9 வோல்ட் ஏசி. அதை டிசி கேட்கும் ஜப்பானிய ஃபேமிகாமிலோ நகல் பெட்டியிலோ செருகினால் பெட்டி கருகிவிடும்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிரான்ஸ்பார்மர் வகைக் கனமான அடாப்டர், சுமை இல்லாதபோது 9க்குப் பதில் 12, 13 காட்டும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. ஒன்றுமே காட்டாவிட்டால், பெட்டிக்குள் போகும் பிளக்குக்கு அருகே கம்பியை வளைத்து வளைத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கும்.

விளக்கு எரிகிறது, திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை அல்லது ஒரே நிறம்

மும்பைக்காரர்களின் நிரந்தர வியாதி இது. கடல் காற்றும் நான்கு மாத மழையும் சேர்ந்து கேசட்டின் செப்புப் பற்களில் மங்கலான படலத்தை ஏற்றிவிடும். ஃபேமிகாம் வகைக் கேசட்டில் அப்படி 60 பற்கள் உண்டு. ஒன்றே ஒன்று தொடாமல் போனாலும் எழுத்து இருக்கும் இடத்தில் பூச்சி ஊரும், அல்லது ஆட்டம் பாதியில் உறைந்து நிற்கும்.

நாம் என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். வாயால் ஊதினோம். ஊதியபின் ஓடியது உண்மைதான். ஆனால் ஓடவைத்தது ஊதல் அல்ல. கேசட்டைக் கழற்றி மறுபடி செருகியபோது பற்கள் உரசிக்கொண்டதுதான். எச்சில் ஈரம் அன்றைக்கு உதவியதுபோலத் தோன்றி, அடுத்த மாதத்துக்கான துருவை விதைத்துவிட்டுப் போனது.

சரியான வைத்தியம்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, கொஞ்சம் பொறுமை. குச்சியை நனைத்துப் பற்களின் நீளவாக்கில் இழுங்கள். குச்சி கறுத்துப்போகும், அடுத்த குச்சியை எடுங்கள். கறுப்பு வராதவரை தொடருங்கள். பத்து நிமிடம் உலரவிட்டுச் செருகுங்கள். படலம் பிடிவாதமாக இருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பற்களின் மேல் இருக்கும் மெல்லிய முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்குள் பச்சை பிடித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்த பெரியவர் ஒருவரும் உண்டு. அவருடைய பக்தியை மெச்சினேன், கேசட்டைக் கழுவ ஒரு மாலை போயிற்று.

ஒரு கேசட் மட்டும் ஓடவில்லை என்றால் குற்றம் கேசட்டில். எந்தக் கேசட்டும் ஓடவில்லை என்றால் பெட்டியின் வாயில். சுத்தமான கேசட்டின் பற்களை ஆல்கஹாலில் லேசாக நனைத்து, மின்சாரம் இல்லாதபோது பத்துத் தடவை செருகி எடுங்கள். பிறகு எல்லாக் கேசட்டுகளையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். பரணுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சிவப்பு விளக்கு நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது

இது முன்பக்கமாகக் கேசட் போடும் நின்டெண்டோ பெட்டிக்கே உரியது. கேசட்டில் ஒரு பூட்டுச் சில்லு, பெட்டியில் ஒரு பூட்டுச் சில்லு. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால் பெட்டி தன்னைத்தானே மறுபடி மறுபடி தொடக்கிக்கொள்ளும். அதாவது இதுவும் அழுக்குத்தான். மேலே சொன்ன வைத்தியமே போதும். நகல் பெட்டிகளில் இந்தப் பூட்டு கிடையாது. அங்கே இப்படி மின்னினால் அடாப்டரைப் பாருங்கள்.

சத்தம் வருகிறது, படம் கறுப்பு வெள்ளை. அல்லது படத்துக்குப் பதில் உறுமல்

எல்இடி டிவி வாங்கியவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். இப்போதைய டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் மூன்றும் இருப்பதில்லை. ஹெட்போன் துளைபோல ஒரே துளை, அதற்கு ஒரு பிரிப்புக் கம்பி. அந்தக் கம்பிக்குள் எந்த வளையத்தில் படம், எதில் சத்தம் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். பொருந்தாத கம்பியைப் போட்டால் படம் ஸ்பீக்கருக்குப் போய் உறுமும். வெட்கப்படாமல் பெட்டியின் மஞ்சள் முனையைச் சிவப்பில் செருகிப் பாருங்கள், பிறகு வெள்ளையில். மூன்றிலும் படம் வராவிட்டால் பூமி இணைப்பே வேறு வளையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த டிவிக்கான கம்பியைத்தான் வாங்க வேண்டும்.

சில டிவிகளில் மஞ்சளும் பச்சையும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ளும். டிவி "கம்போனென்ட்" நிலையில் இருந்தால் படம் துல்லியமாக, ஆனால் கறுப்பு வெள்ளையில் வரும். "ஏவி" நிலைக்கு மாற்றினால் நிறம் வந்துவிடும்.

அதுவும் சரி, இன்னும் நிறமில்லை என்றால் பெட்டி அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்திருக்கலாம். அங்கே டிவியின் நிற முறை என்டிஎஸ்சி, இங்கே பால் (PAL). நிறத்தைச் சுமந்துவரும் அலைவரிசையே வேறு: அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43. டிவியின் பட அமைப்பில் நிற முறையை "ஆட்டோ" என்று வையுங்கள். பழைய பெட்டி டிவி இதற்கு ஒத்துழைக்காமல் படத்தை உருட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஆண்டெனா கம்பி மட்டுமே உள்ள பெட்டியா? கேசட் போட்டு, பெட்டியை இயக்கிவைத்துவிட்டு, அதன்பின் டிவியில் அனலாக் தேடலைத் தொடங்குங்கள். அணைந்து கிடக்கும் பெட்டியைத் தேடி டிவி எங்கே போகும்?

நிறம் வருகிறது, ஆனால் தப்பாக வருகிறது

நான் திருப்புளி எடுத்த கதை இதுதான். 1987இல் வந்த பிரிடேட்டர் படத்தின் ஆட்டம். காட்டுக்குள் வேற்றுக்கிரக வேட்டைக்காரனோடு மோதும் முரட்டு ராணுவ வீரன் திரையில் வந்து நின்றான், இளஞ்சிவப்பு உடையில். டிவியின் நிறத்தைக் குறைத்தேன். ஏற்றினேன். கம்பியை மாற்றினேன். பெட்டியைப் பிரித்து நிறத்துக்கான திருகைத் திருகினேன். வீரன் இளஞ்சிவப்பிலேயே நின்றான். பிற ஆட்டங்கள் எல்லாவற்றிலும் வானம் பச்சையாகிவிட்டது.

அந்த ஆட்டத்தில் அவன் உடை இளஞ்சிவப்புத்தான். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெட்டியில் நகரும் உருவம் ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிறங்கள்; அதற்குள் சட்டை, தோல், நிழல் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். 1989 பேட்மேன் படத்தை வைத்துச் சன்சாஃப்ட் செய்த ஆட்டத்தில் வௌவால் மனிதன் ஊதாவாக வருவான். அதுவும் சரியான நிறம்தான். வேறொரு கேசட்டைப் போட்டு அதில் வானம் நீலமாக இருந்தால் டிவியைத் தொடாதீர்கள்.

ஆட்டம் தொடங்கவே மாட்டேன் என்கிறது

அண்டாப் ஹில்லிலிருந்து ஒரு அக்கா தன் மகனையும் பெட்டியையும் அழைத்து வந்தார். ராம்போ கேசட். படம் தெளிவு, சத்தம் தெளிவு. கர்னல் வருகிறார், பேசுகிறார், திரும்பத் திரும்ப அதே உரையாடல். "உறைந்துவிட்டது, சில்லு போய்விட்டது" என்று முந்தைய கடையில் சொல்லிவிட்டார்களாம்.

பையனிடம் கேட்டேன்: "தம்பி, அவர் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் அழுத்துகிறாய்?"

"இல்லை என்று. அம்மா சண்டைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்."

நின்டெண்டோவுக்கு வந்த ராம்போவில் கர்னல் உங்களைப் பணிக்கு அழைப்பார். மறுத்தால், ஆமாம் என்று சொல்லும்வரை ஆட்டம் தொடங்காது என்று அவரே சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் சொல்வதால் பையனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தியதும் ராம்போ கிளம்பிவிட்டார். கூலியாக அக்கா கொடுத்த முறுக்கு இரண்டு நாள் வந்தது.

இதே ஆட்டத்தில் விட்ட இடத்தைச் சேமிக்கப் பேட்டரி கிடையாது, கடவுச்சொல் தருவார்கள். "கடவுச்சொல் ஏற்கவில்லை" என்ற புகாரும் அடிக்கடி வரும். நோட்டில் எழுதும்போது பூஜ்யமும் ஓவும் கலந்துவிடும். கைபேசியால் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் இல்லாத வசதி அது.

நாயகன் நொண்டுகிறான், அடிபடாமலே உயிர் குறைகிறது

ஜாய்ஸ்டிக்கைப் பிரிக்கும் முன் டை ஹார்ட் கேசட்டா என்று பாருங்கள். 1988இல் வந்த அந்தப் படத்தில் நாயகன் வெறுங்காலோடு உடைந்த கண்ணாடிமேல் நடப்பான். ஆட்டத்தைச் செய்தவர்கள் அதை மறக்கவில்லை. உயிருக்கு ஒரு அளவு, பாதத்துக்குத் தனியாக ஒரு அளவு. கண்ணாடிச் சில்லுகள் மேல் ஓடினால் பாதத்தின் அளவு குறையும், நடை தளரும். பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் வராது. எனக்குத் தெரிந்து ஒரு படத்தின் காட்சியை இவ்வளவு அழகாக விளையாட்டின் விதியாக மாற்றிய இடம் குறைவு. அதைக் கோளாறு என்று கொண்டுவரும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ரோபோகாப் வேறு ரகம். சும்மா நின்றாலும் ஒரு பட்டை தேய்ந்துகொண்டே இருக்கும். அது நேரம், இயந்திர மனிதனும் தேங்கி நிற்கக் கூடாது.

எதிரிகள் மின்னி மின்னி மறைகிறார்கள்

எட்டு பிட் நின்டெண்டோ வகைப் பெட்டி ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளைத்தான் காட்டும். ஒன்பதாவது வந்தால் யாராவது ஒருவர் காணாமல் போக வேண்டும். ஆட்டம் முறைவைத்து மறைப்பதால் மின்னுவதுபோலத் தெரிகிறது. கூட்டம் குறைந்ததும் நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரே ஆள் நிற்கும்போதும் மின்னினால் கேசட்டைத் துடையுங்கள்.

எல்லாமே மந்தமாக ஓடுகிறது

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்த ஆட்டங்கள் நொடிக்கு 60 படம் என்று கணக்குப் போட்டவை. நம் பால் பெட்டி காட்டுவது 50. ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது, இசையும் இழுபடும். இணையத்தில் யாரோ ஆடும் காட்சியைப் பார்த்துவிட்டு உங்கள் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறு வயதில் நாம் கேட்ட இசையே இந்த இழுவைதான்.

கோல்டன்ஐ 007 பற்றியும் இதே புகார். 1997இல் நின்டெண்டோ 64க்கு வந்த ஆட்டம் அது. நான்கு பேர் திரையைப் பிரித்துக்கொண்டு குண்டு வெடிக்கும்போது படம் தடுக்கித் தடுக்கித்தான் நகரும். அந்தப் பெட்டியால் அவ்வளவுதான் முடியும். ஆனால் துப்பாக்கி முனை ஒரு பக்கமாகத் தானே நகர்ந்தால் குற்றம் ஆட்டத்தில் இல்லை; நடுவிலுள்ள குச்சி தேய்ந்துவிட்டது. உள்ளே வெள்ளை மாவு உதிர்ந்திருக்கும். குச்சியைத் தொடாமல் பெட்டியை இயக்குங்கள், அது அப்போதிருக்கும் இடத்தையே நடு என்று எடுத்துக்கொள்ளும். அப்படியும் தளர்ந்து ஆடினால் குச்சியின் பகுதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பொத்தான் கேட்கவில்லை

எல்லாப் பொத்தானும் செத்திருந்தால் கம்பி. ஒன்றோ இரண்டோ மட்டும் என்றால் உள்ளே ரப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் வில்லை. ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் டிவி ரிமோட் பழுது பார்ப்பவர்கள் ஒட்டும் அதே வில்லையை ஒட்டலாம். கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் ரோட்டில் உதிரிப்பாகம் விற்பவர்களிடம் கேளுங்கள்.

ஒன்பது முனை பிளக் ஒத்துப்போகிறதே என்று மெகா டிரைவ் ஜாய்ஸ்டிக்கை நகல் பெட்டியில் மாட்டாதீர்கள். உருவம் ஒன்று, உள்ளே மின்சாரம் போகும் வழி வேறு.

பொத்தான் கேட்கிறது, ஆனால் தாமதமாகக் கேட்கிறது என்றால் டிவியைக் கேளுங்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று எல்இடி டிவி ஒவ்வொரு படத்தையும் சற்று நேரம் கையில் வைத்துக்கொள்ளும். பட அமைப்பில் "கேம்" நிலையை இயக்குங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தைத் தாண்டவேண்டிய நேரத்தில் நாயகன் பள்ளத்துக்குள் இருப்பான்.

இன்னொன்று, அட்டாரி என்ற பழைய பெட்டியின் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைப்பவர்களுக்கு. 1982இல் வந்த ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்கில் இந்தியானா ஜோன்ஸ் அசையவில்லையா? அதை ஒருவரே இரண்டு ஜாய்ஸ்டிக்குகளால் ஆட வேண்டும். ஒன்று ஆளை நகர்த்தும். மற்றொன்று பையிலுள்ள பொருளைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவதற்கும் பொத்தான்களை ஒதுக்கிவிடுங்கள்.

துப்பாக்கி சுடவில்லை

எல்இடி டிவியிலா? சுடாது. டெர்மினேட்டர் 2 ஆர்கேட் ஆட்டத்துக்கு மெகா டிரைவில் பயன்படும் துப்பாக்கியாகட்டும், வாத்து சுடும் நின்டெண்டோ துப்பாக்கியாகட்டும், குழாய் டிவியில் ஒளிப்புள்ளி கோடு கோடாக ஓடும் கணத்தை நம்பிச் செய்தவை. எல்இடி திரையில் அந்த ஓட்டமே இல்லை. பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் குழாய் டிவி தேடுங்கள், அல்லது ஆட்டம் ஏற்றுக்கொண்டால் ஜாய்ஸ்டிக்கால் சுடுங்கள்.

ராஸ்பெரி பையில் சத்தம் வெடிக்கிறது, ஆட்டம் திக்குகிறது

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் பழைய ஆட்டங்களை ஓடவைப்பவர்களுக்கு இது. திரை ஓரத்தில் மஞ்சள் மின்னல் குறி தெரிகிறதா? மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கைபேசி சார்ஜரைக் கழற்றிவிட்டு அதற்கான அடாப்டரையே போடுங்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர். மின்னல் இல்லையென்றால் சத்தத்துக்கான தாமத அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். படம் அகலமாக இழுபட்டு நாயகர்கள் தொப்பை போட்டிருந்தால் திரை விகிதத்தை 4:3 ஆக்குங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் நடக்கவில்லை

இப்போது திருப்புளி. நகல் பெட்டியைத் திறந்தால் மூன்று கால் கொண்ட 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி இருக்கும். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி வைத்தால் வலது ஓரக் காலில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதை மாற்றுவது சில பத்து ரூபாய் வேலை. 5 வோல்ட் வந்தும் திரை கறுப்பு என்றால் பலகையின் நடுவே தார்த்துளிபோல உறைந்திருக்கும் கறுப்புப் பொட்டைப் பாருங்கள். மொத்தப் பெட்டியும் அதற்குள்தான் இருக்கிறது. அது போனால் மாற்ற முடியாது.

அந்த நிலையில் வருகிறவர்களிடம் கேசட்டுகளை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். 60 பல் வாயுள்ள வேறொரு பெட்டியில் அவை ஓடும். செத்த பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போகலாம். அதன் ஜாய்ஸ்டிக் ரப்பர்கள் அடுத்த மழைக்குத் தேவைப்படும்.